மலை மூலிகையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும்

காட்டாங்குளத்தூரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இருந்து நம் மருத்துவமனைக்கு வருவோர் சிலரின் படுக்கையருகே, மாத்திரைகளோடு பெயரில்லாத பொட்டலம் ஒன்றும் இருப்பதைக் காண்கிறோம். கேட்டால், “மலை மூலிகைதானே, என்ன செய்துவிடும்?” என்கிறார்கள். மூலிகைக்கு ஆற்றல் உண்டு என்பதே இதற்கு எங்கள் விடை.

1987ஆம் ஆண்டு டிசம்பரில் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வாளர்கள் அகத்தியர் மலைக்காடுகளில் ஏறினர். வழிகாட்டிய காணி பழங்குடியினர் சிறு காய்களைத் தின்றபடி களைப்பின்றி நடந்தனர். வெளியாருக்குச் சொல்லக்கூடாத அறிவு என்று முதலில் தயங்கியவர்கள், பின்னர் அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதன் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. அதற்கென 1997இல் அறக்கட்டளையும் அமைந்தது.

எந்தச் செடி, எந்தப் பாகம், எவ்வளவு, யாருக்கு என்னும் நுணுக்கம் மலைமக்களின் அறிவில் அடங்கியுள்ளது. பொட்டலமாக நகரத்துக்கு வரும்போது மூலிகை மட்டுமே வருகிறது. அந்த நுணுக்கம் உடன் வருவதில்லை.

செங்காந்தளைப் பாருங்கள். அதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருள், மில்லிகிராம் கணக்கில் அளந்து தரப்படும்போது கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்து. அதன் கிழங்கை அறியாமல் உண்டால் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் உண்டாகும், உயிரே போகலாம்.

பழகிய சரக்குகளிலும் கவனம் வேண்டும். திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பைப்பரின், வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டக்கூடும். அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். சமையலில் சேரும் சிறிதளவு மிளகைப் பற்றி அஞ்ச வேண்டாம். சூரணமாகவோ லேகியமாகவோ நாள்தோறும் உண்பதையே சொல்கிறோம்.

ஆகவே நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான்:

• உண்ணும் சூரணம், லேகியம், கஷாயம் எதுவானாலும் புட்டியையோ பொட்டலத்தையோ உடன் கொண்டு வாருங்கள்.
• அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.
• மருத்துவர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• சித்த மருத்துவம் விரும்பினால் பதிவு பெற்ற மருத்துவரையே நாடுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. அங்கும் உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள்.

சொன்னால் கடிந்துகொள்வார்களோ என்று அஞ்ச வேண்டாம். மறைக்கப்பட்ட ஒரு பொட்டலத்தால் சிகிச்சையே திசைமாறக்கூடும். நீங்கள் முன்கூட்டிச் சொன்னால் மருந்தின் அளவை நாங்கள் சரிசெய்ய முடியும்.