யானையை அடிக்கக் கூடாது, சார்!

திருமண விருந்தில் பழைய பள்ளி நண்பர்கள் ஒரே மேசையில் அமர்ந்தால் சற்றுக் கவனித்துப் பாருங்கள். எல்லாருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். ஒருவர் வங்கி மேலாளர், ஒருவர் லாரி முதலாளி, ஒருவர் தாதி. யாரும் இயற்கணிதத்தைப் பற்றியோ ஒளிச்சேர்க்கையைப் பற்றியோ பேசமாட்டார்கள். "டேய், அன்னிக்கு நூலக அலமாரிக்குப் பின்னால ஒளிஞ்சியே..." என்று ஒருவர் தொடங்கினால் போதும். பிரியாணி ஆறிப்போகும் வரை பேச்சு நிற்காது.

ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்து படித்த பாடம் மறந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் செய்த குறும்பு மறப்பதில்லை. ஏன் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. என் அனுபவத்தில் தெரிந்த விடையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்வோம்.

வணக்கம் சார்!

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். 1992இல் யுபிஎஸ்ஆர் எழுதிவிட்டு, மறு ஆண்டு பேராக்கில் ஒரு சிறு நகரத்து இடைநிலைப்பள்ளியில் புதுமுக வகுப்பில் சேர்ந்தேன். 'ரிமூவ்' என்றால்தான் பலருக்குப் புரியும். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளியிலிருந்து வருகிறவர்களில் மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர்கள், படிவம் 1க்குப் போகும் முன் ஓராண்டு அங்கே மலாய் படிக்க வேண்டும்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆண்டுக்கு ஒரே வகுப்பு. இங்கேயோ மூன்று மாடிக் கட்டடங்கள் நான்கு. முதல் வாரம் கழிவறையைத் தேடிப் போனவன் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தான். ஆசிரியர் அறையைத் தேடிப் போனவன் வேதியியல் கூடத்தில் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

முதல் நாள் முதல் பாடம், புவியியல். மலாய்க்கார ஆசிரியர் உள்ளே வந்தார். "செலாமாட் பாகி, சிக்கு" என்று சொல்ல வேண்டும் என்று காலையில்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஆறு ஆண்டுப் பழக்கம் விடுமா? வகுப்பில் பாதிப் பேர் எழுந்து நின்று கைகூப்பி, நீட்டி முழக்கி, "வ...ண...க்...க...ம் சார்!" என்றோம். சீன மாணவர்கள் திகைத்துப் போய் எங்களைப் பார்த்தார்கள். பிறகு, இதுதான் இந்தப் பள்ளி வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களும் கைகூப்பினார்கள்.

ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே கைகூப்பி "வணக்கம், செமுவா" என்றார். அன்று முதல் ஆண்டு முழுவதும் புவியியல் பாடத்துக்கு மட்டும் எங்கள் வகுப்பில் வணக்கம்தான். படிவம் 5 முடிக்கும் வரை அந்தச் சீன நண்பர்கள் என்னைக் கண்டால் கைகூப்புவார்கள்.

ரிமூவ் படித்ததில் ஓர் ஆதாயமும் உண்டு. மற்றவர்களைவிட எங்களுக்கு ஒரு வயது கூடுதல். படிவம் 1 காற்பந்துக் குழுவில் நாங்கள் நின்றால், எதிர்க்குழுப் பையன்கள் எங்களை ஆசிரியர்கள் என்று நினைத்து வணங்கிவிட்டுப் போவார்கள்.

கப்சாய் வருது!

இடைநிலைப்பள்ளி என்றால் கட்டொழுங்கு ஆசிரியர் இல்லாமலா? அவருக்கு ஒரு பட்டப்பெயர் இல்லாமலா? எங்கள் ஆசிரியருக்குக் 'கப்சாய்' என்று பெயர். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் சத்தம் இரண்டு சந்துக்கு அப்பாலேயே கேட்கும். கேட்டவுடன் தலைமுடியை நனைத்துப் படிய வைப்பவன் ஒரு பக்கம், சட்டையைக் காற்சட்டைக்குள் திணிப்பவன் ஒரு பக்கம். மேசைக்கடியில் படக்கதை படித்துக் கொண்டிருந்தவன் கையில் வரலாற்றுப் புத்தகம் முளைக்கும், சில வேளை தலைகீழாக.

சப்பாத்துதான் பெரிய தலைவலி. அப்போதெல்லாம் வெள்ளைச் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமை கழுவி, வெள்ளை பூசி, வெயிலில் காயவைக்க வேண்டும். ஞாயிறு மழை பெய்தால் திங்கட்கிழமை சபைகூடலில் மாட்டிக்கொள்வோம். அதற்கும் வழி இருந்தது. வகுப்புக்குள் ஓடி, கரும்பலகை அடியில் கிடக்கும் வெண்கட்டித் துண்டை எடுத்துச் சப்பாத்தில் தேய்த்துவிட்டு வரிசையில் நிற்பது. நடந்தால் பின்னால் வெள்ளைத் தடம் விழும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே கப்சாய் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

மோட்டார் சத்தம்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று அவருக்கும் ஒரு நாள் புரிந்தது. மோட்டாரை முன்வாசலில் முடுக்கிவிட்டு, தோட்டக்கார அண்ணனை அருகில் நிறுத்தி அவ்வப்போது முறுக்கச் சொல்லிவிட்டு, தாம் பின்பக்கப் படியில் நடந்து வந்தார். "கப்சாய் இன்னும் வாசல்லதான் மச்சான்" என்று ஒருவன் சொல்லி முடிப்பதற்குள் அவன் தோளில் ஒரு கை விழுந்தது. அன்று பதினொரு பேருக்கு இலவச முடிவெட்டு. வெட்டியவர் யார் என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும்தான் வெட்டினார். மறுபக்கத்துக்கு அவரவர் கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும்.

அமைதியான வகுப்பு

1998 உலகக்கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நம் நேரப்படி ஜூலை 13, அதிகாலை 3 மணிக்கு. திங்கட்கிழமை. பிரான்ஸ் 3-0 என்று பிரேசிலை வென்றபோது விடியப்போகிறது. ஏழரை மணிக்குச் சபைகூடல். நின்றுகொண்டே தூங்கும் கலையை அன்றுதான் கண்டேன். முன்னால் இருப்பவன் முதுகில் நெற்றியை வைத்துவிட்டால் போதும், வரிசையும் நேராகத் தெரியும்.

மூன்றாவது பாடம் வரலாறு. சிவந்த கண்களோடு வந்த ஆசிரியர், "நான்காம் அத்தியாயத்தை மனத்துக்குள் வாசியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் தலை சாய்ந்தது. நாங்களும் சாய்ந்தோம். நாற்பது பேர் இருந்த வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வலம் வந்த முதல்வர் சன்னல் வழியே பார்த்தார். குனிந்த தலைகள். மறு வாரச் சபைகூடலில், பள்ளியிலேயே மிக அமைதியாகப் படிக்கும் வகுப்பு என்று எங்களைப் பாராட்டினார். எங்களைவிட வரலாற்று ஆசிரியர்தான் பலமாகக் கைதட்டினார்.

ரேடியோவின் இரகசியம்

இத்தனை கூத்துக்கும் நடுநாயகமாக எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பட்டப்பெயர் 'ரேடியோ'. பத்து ஆசிரியர்களைப் போலவும் பேசிக் காட்டுவான். பாடப்புத்தகத்தை உரக்க வாசிக்கச் சொன்னால்தான் அவன் நாடகம் உச்சத்துக்குப் போகும். முதலில் புத்தகம் கீழே விழும். எடுக்கக் குனியும்போது பேனா விழும். பிறகு இருமல். பிறகு முதல்வர் குரலில் ஒரு வரி. வகுப்பு அதிரும். ஆசிரியர் "வெளியே போய் நில்!" என்பார். ராஜநடை போட்டு வெளியே போவான்.

எல்லாரும் சிரித்தோம். சிரிக்காதவர் ஒருவர்தான். எங்கள் தமிழாசிரியர். வேறு பள்ளியிலிருந்து சனிக்கிழமை காலையில் வந்து தாய்மொழி வகுப்பு நடத்துவார். ஒரு நாள் எங்களிடம் சொன்னார்: "வெளியே நிற்க வைத்தால் அவனுக்கு விடுதலைடா. வாசிக்கச் சொன்னால்தான் அவனுக்குத் தண்டனை."

ரேடியோவால் மலாய்ப் பாடநூலைத் தடையில்லாமல் வாசிக்க முடியாது. ரிமூவில் ஓராண்டு உட்கார்ந்தும் பிடிபடவில்லை. அதன் பிறகு எல்லாப் பாடமும் மலாயில்தான் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் தலைகுனிவதைவிட, நாலு பேர் சிரிக்க வெளியே போவது மேல் என்று அவன் முடிவு செய்திருந்தான். எங்கள் சிரிப்புக்குப் பின்னால் அவன் பத்திரமாக ஒளிந்துகொண்டிருந்தான்.

தமிழ் வகுப்பில் அவன் வேறு ஆள். பக்கம் பக்கமாக எழுதுவான். எல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்ற பழமொழியை விளக்கச் சொன்னபோது அவன் எழுதியது: "யானையை அடித்தால் அதற்குக் கால் சறுக்கி விழுந்துவிடும். ஆகவே நாம் யானையை அடிக்கக் கூடாது." ஆசிரியர் அதை வகுப்பில் வாசித்துவிட்டு, "பொருள் தப்பு. ஆனா யானை மேல இரக்கம் காட்டியதற்கு அரை மதிப்பெண்" என்றார்.

இன்னொரு முறை, 'நான் ஒரு பேனா' என்ற தன்கதையை மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். தேர்வில் வந்ததோ 'நான் ஒரு சப்பாத்து'. பேனா என்ற சொல் வந்த இடத்தில் எல்லாம் சப்பாத்து என்று மாற்றி எழுதிவிட்டான். "என் எசமானர் என்னைத் தம் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கம்பீரமாக நடந்தார். யோசிக்கும்போதெல்லாம் என்னை வாயில் வைத்துக் கடிப்பார்." ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பதினைந்து பேர்

படிவம் 4இல் அந்த வகுப்பு 22 பேரோடு தொடங்கியது. டியூஷனுக்குப் போனவர்கள், பகுதிநேர வேலைக்குப் போனவர்கள், "தமிழ் எடுத்தா புள்ளி குறையும்" என்று அப்பா சொல்லி நின்றவர்கள் போக, ஆண்டு இறுதியில் 13 பேர். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசியப் பள்ளியில் தமிழோ சீனமோ கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலும் அது இருக்கிறது. "அடுத்த வருஷம் வகுப்பு இருக்குமா தெரியல" என்றார் ஆசிரியர்.

அன்று முதல் முறையாக ரேடியோ எந்த வேடிக்கையும் செய்யவில்லை. ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் மேசை மேசையாகப் போனான். "சனிக்கிழமை வீட்டுல இருந்தா அம்மா வேலை வைப்பாங்க. இங்க வந்தா சார் கறிபாப் வாங்கித் தருவாரு." சாருக்கே தெரியாமல் கொடுத்த வாக்குறுதி அது. இரண்டு பேர் சிக்கினார்கள்.

ஒருவன் மலாய் ஆரம்பப்பள்ளியில் படித்தவன். வீட்டில் தமிழ் பேசுவான், ஓர் எழுத்தும் தெரியாது. இன்னொருத்தி சீனப்பள்ளியில் படித்த தமிழ்ப்பெண். சீன எழுத்தில் எந்தக் கோட்டுக்குப் பின் எந்தக் கோடு என்பதற்கு ஒழுங்கு உண்டு. ஆகவே முதல் நாளே கேட்டாள்: "சார், 'ழ' எழுத எந்தக் கோட்டை முதல்ல போடணும்?" முப்பது ஆண்டு அனுபவத்தில் ஆசிரியரை யாரும் அப்படிக் கேட்டதில்லையாம். பலகையில் எழுதிப் பார்த்தார். நாங்களும் காற்றில் எழுதிப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு கட்சியாகப் பிரிந்து இருபது நிமிடம் சண்டை. அன்றைய பாடம் நடக்கவே இல்லை. ஆனால் அன்றுபோல் நாங்கள் 'ழ'வைக் கூர்ந்து பார்த்ததும் இல்லை.

பதினைந்து பேரோடு வகுப்பு நடந்தது. அந்த இருவரும் எஸ்பிஎம்மில் தமிழ் எடுக்கவில்லை. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். ரேடியோவுக்குத் தமிழில் கிரெடிட் கிடைத்தது. மலாயில் தேறவில்லை. மலாய் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழ் இல்லை. வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதித்தான் தேறினான். இன்று பள்ளி பஸ் ஓட்டுகிறான். "பின் சீட்டுல ரொம்பச் சத்தம் போடுறவன்கிட்டதான் இறங்கும்போது ரெண்டு வார்த்தை பேசுவேன்" என்று போன மாதம் சொன்னான். என்ன பேசுவாய் என்று கேட்டேன். "பாடம் புரியுதாடா தம்பின்னு கேப்பேன். வேற என்ன?"

இன்றைய பெற்றோருக்கு

பள்ளி இப்போது நிறைய மாறிவிட்டது. வெள்ளைச் சப்பாத்து போய்க் கறுப்பு வந்துவிட்டது. வெண்கட்டித் தந்திரம் இனிச் செல்லாது. யுபிஎஸ்ஆர் 2021இலும் பிடி3 2022இலும் விடைபெற்றன. ஆனால் பின்வரிசை இருக்கிறது, ரேடியோக்களும் இருக்கிறார்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். குறும்பு ஏன் மறப்பதில்லை? தேர்வும் தரவரிசையும் எங்களைத் தனித்தனியாகப் பிரித்தன. சிரித்த நேரத்தில் மட்டும் எல்லாரும் ஒரே வகுப்பாக இருந்தோம். அதனால் உங்கள் பிள்ளை வகுப்பில் குறும்பு செய்ததாகக் கடிதம் வந்தால் பிரம்பைத் தேடாதீர்கள். எந்தப் பாட நேரத்தில் அந்தக் குறும்பு நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள். எல்லா நேரத்திலும் என்றால் வயது அப்படி, கவலை வேண்டாம். ஒரே பாடத்தில் மட்டும் என்றால், அந்தப் பாடப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: பள்ளியில் தமிழ் வகுப்புக்கு எத்தனை பேர்? பதினான்கு என்று பதில் வந்தால், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட உங்களிடம் பேனா இருக்கிறதா என்று சட்டைப் பையைப் பாருங்கள். சப்பாத்து இருந்தால் அது வேறு கதை.