கதிரவன் தரும் குளிர்ச்சி: சிறு உழவருக்கு இரண்டு நாள் அவகாசம்

பொம்மசந்திராவைத் தொழிற்பேட்டை என்றே பலரும் அறிவர். 2025 ஆகஸ்டு முதல் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடமும் இங்கு வந்து முடிகிறது. ஆயினும் ஓசூர் சாலையை விட்டு உள்ளே சென்றால், ஆனேக்கல் வட்டத்திலும் எல்லைக்கு அப்பால் ஓசூர், தளி பகுதிகளிலும் தக்காளி, பீன்ஸ், ரோஜா பயிரிடும் சிறு உழவர்களைக் காணலாம். சூரிய ஒளியில் இயங்கும் குளிர்பதன அறைக்குக் கடன் கிடைக்குமா என்று உழவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. கடன் உண்டு. அந்த அறை தன் தவணையைத் தானே ஈட்டுமா என்பதே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நாட்டில் விளையும் தக்காளியில் அறுவடைக்குப் பின் 11.61 விழுக்காடு வீணாவதாக நாப்கான்ஸ் நிறுவனத்தின் 2022 ஆய்வு கூறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு வேறொன்றும் உண்டு. பறித்த காய் காத்திராது. ஆகவே வரத்து மிகுந்த நாளில் கேட்ட விலைக்கே விற்றுவிட்டுத் திரும்ப நேர்கிறது. குளிர் அறை சந்தை விலையை உயர்த்தாது. இரண்டு மூன்று நாள் பொறுத்திருக்கும் வலிமையை உழவருக்குத் தரும்.

புனேயைச் சேர்ந்த எகோசென் நிறுவனத்தின் 'எகோஃப்ராஸ்ட்' இவ்வகை அறைகளுள் ஒன்று. கொள்ளளவு 5 டன். பகலில் சூரியத் தகடுகள் குளிரூட்டும் எந்திரத்தை இயக்குகின்றன. மிகுதியான குளிர்ச்சி, உறைந்து உருகும் ஒரு பொருளில் சேமிக்கப்பட்டு இரவில் பயன்படுகிறது. விலைமிக்க மின்கலங்களின் தேவை இதனால் குறைகிறது.

எல்லா விளைபொருளையும் ஒரே அறையில் அடைத்தல் ஆகாது. தக்காளிக்கு ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ் ஏற்றது. அதிகம் குளிர்ந்தால் சுவையும் நிறமும் கெடும். ரோஜாவுக்கோ 2 பாகை அளவு வேண்டும். பழுக்கும் தக்காளி வெளியிடும் எத்திலீன் வாயு, அருகிலுள்ள கீரையை மஞ்சளாக்கிவிடும்.

5 டன் அறையை நிரப்ப 20 கிலோ கிரேடுகள் 250 வேண்டும். தனியொரு சிறு உழவரால் இது நாள்தோறும் இயலாது. நைஜீரியாவின் கோல்டுஹப்ஸ் நிறுவனம் கிரேடு ஒன்றுக்கு நாள் வாடகை பெற்றுப் பல உழவருக்கு ஒரே அறையைப் பயன்படுத்துகிறது. நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் இம்முறை பொருந்தும். வெறுமையாகக் கிடக்கும் அறை தவணை கட்டாது.

2020இல் தொடங்கப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டம், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை அளிக்கிறது. நிலுவை 10 லட்சம் எனில், ஆண்டுக்கு 30,000 ரூபாய் மிச்சமாகும். உழவர், சுய உதவிக் குழு, உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியோர் இதற்குத் தகுதியுடையோர். நடப்பு விதிகளைக் கிளையில் உறுதிசெய்துகொள்க.

கிளைக்கு வரும்போது விலைப்புள்ளியுடன் மூன்று விவரங்களையும் கொண்டு வாருங்கள்: எத்தனை பேர் பயன்படுத்துவர், ஆண்டில் எத்தனை நாள் அறை நிறையும், கிரேடுக்கு எவ்வளவு வாடகை கட்டுபடியாகும். இவை தெளிவாயின், கடன் குறித்து முடிவெடுத்தல் இரு தரப்பாருக்கும் எளிதாகும்.