மாடவீதி யாருக்கு உரியது?

ஆண்டில் பத்து நாட்கள் திருமயிலையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. பங்குனிப் பெருவிழாவுக்குக் கொடியேறியதும், கோயிலையும் குளத்தையும் சூழ்ந்த வீதிகள் நான்கும் கற்பகாம்பாள் உடனுறை கபாலீசுவரருக்கு உரியவை ஆகிவிடுகின்றன. மூன்றாம் நாள் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் நள்ளிரவில் ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர் என்று ஒவ்வொன்றுக்கும் வீதி வழிவிடுகிறது. நிறுத்தியிருந்த வாகனங்கள் அகற்றப்படுகின்றன. கடைகள் படிக்கட்டுக்குப் பின்னால் ஒதுங்குகின்றன. தேர் நகரும் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. விசிறியின்றி வியர்த்துக்கொண்டே வாசலில் நிற்பவர்கள் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை.

கொடி இறங்கியதும் பழைய வழக்குகள் திரும்பிவிடும். காய்கறிக் கடைகள் எங்கே இருக்க வேண்டும், கார்களை எங்கே நிறுத்துவது, இடிக்கப்படும் வீட்டுக்குப் பதில் எத்தனை மாடி எழும், கோயில் மனைக்கு எவ்வளவு வாடகை நியாயம், மெட்ரோ வந்தால் நன்மையா தீமையா? பால் வாங்கும் இடத்திலும், பிரதோஷத்தன்று பிராகாரத்திலும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் நடக்கும் விவாதங்கள் இவையே. வெளியூர் அன்பர்களுக்கு இவை சில்லறைச் சண்டைகளாகத் தோன்றலாம். ஆனால் சுவாமி புறப்பாட்டுக்கு வீதி இருக்குமா, வீதியில் அவரை எதிர்கொள்ள வீடுகள் இருக்குமா என்பது இந்தச் சில்லறைச் சண்டைகளில்தான் தீர்மானமாகிறது.

பழமை பேசுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மயிலை ஒருமுறை முழுவதுமாக இடம் மாறிய தலம். கடற்கரையை ஒட்டியிருந்த பழைய ஆலயம் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது என்பது வரலாறு. இன்று நாம் வலம்வரும் கோயில் அதன்பின் எழுந்தது; கிழக்கு இராஜகோபுரம் 1906-இல் கட்டப்பட்டது. திருக்குளத்து நிலம் ஆற்காட்டு நவாப் அளித்தது என்பது ஊர் வழக்கு. மொஹரம் நாளில் இசுலாமிய அன்பர்கள் அந்தக் குளத்துக்கு வருவதும் தொடர்ந்து வரும் மரபு. ஆகவே 'ஆதியிலிருந்து இப்படித்தான்' என்ற வாதம் மாடவீதியில் வெகுதூரம் செல்லாது.

மாறாமல் வந்திருப்பது விழா. பாம்பு தீண்டி மாண்ட பூம்பாவையை எழுப்பத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகத்தில், பெருமான் கையாண்ட முறையே வியப்பானது. அடியார்களுக்கு அமுது படைப்பதில் தொடங்கி, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். சாம்பலாகிப் போனவளைத் திரும்ப அழைக்க அவருக்குக் கிடைத்த பொருள் இந்த ஊரின் வீதி வாழ்க்கை. அவள் தந்தை சிவநேசர் ஒரு வணிகர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

வணிகம் என்றதும் முதல் வழக்கு வந்துவிடுகிறது. தெற்கு மாடவீதியில் காய்கறி, கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ. வடக்கில் நவராத்திரிக்கு முன் கொலு பொம்மைகள். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார், எருக்கம்பூ மாலை, வண்ணக் காகிதக் குடை. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும். இந்தக் கடைகளால் நடக்க இடமில்லை, ஆம்புலன்ஸ் நுழைய முடியவில்லை என்பது குடியிருப்போர் தரப்பு. மூன்று தலைமுறையாக இதே இடத்தில் கூடை வைத்திருக்கிறோம் என்பது வியாபாரிகள் தரப்பு. அவ்வப்போது மாநகராட்சி வண்டி வரும், கூடைகள் மறையும், அடுத்த வாரம் திரும்பும்.

2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறது. முதலில் கணக்கெடுப்பு, பிறகு அடையாளச் சான்று, விற்பனைக்குரிய இடங்களை வகுக்க ஒரு குழு. அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் நூற்றுக்கு 40-க்குக் குறையக் கூடாது. கணக்கெடுத்துச் சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்துவதும் கூடாது. சட்டத்தைப் படிக்காமலே இரு தரப்பும் வாதாடுவதுதான் வேடிக்கை. இதில் இன்னொன்றும் உண்டு. நடைபாதையை மறைப்பதில் கூடைக்காரிக்கு உள்ள பங்கைவிட, நாள் முழுவதும் நிறுத்திவைக்கப்படும் காருக்குப் பங்கு அதிகம். கூடை ஆறு சதுர அடியில் முடிந்துவிடும்; மாலையில் எழுந்தும் போய்விடும். ஆனால் கார் வைத்திருப்பவர்கள் சங்கக் கூட்டத்துக்கு வருகிறார்கள். கூடைக்காரி அந்த நேரத்தில் கடையில் இருக்கிறாள்.

தட்டு ஏந்தும் கைகள்

சுவாமி புறப்பாடு என்பதன் பொருளே, கோயிலுக்கு வர இயலாதவர்களைத் தேடி இறைவன் வருகிறார் என்பதுதான். முதியவர், நோயுற்றவர், கைக்குழந்தையோடு இருப்பவள் எல்லாரும் திண்ணையில் இருந்தபடியே கண்டார்கள். வாசல் தெளித்து, பெரிய கோலம் போட்டு, தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரத்தோடு தட்டு தயாராக இருக்கும். வாகனம் ஒரு கணம் நிற்கும், தீபாராதனை ஆகும். பேரனைத் தோளில் தூக்கி நிற்கும் தாத்தாக்கள் தலைமுறை தலைமுறையாக அதே படியில் நின்றார்கள்.

அந்த வீடுகள் பலவும் இன்று இல்லை. ஆசைப்பட்டு விற்றவர்கள் குறைவு. அண்ணன் தம்பி ஐவர், அக்காள் தங்கை இருவர். ஒருவர் பெங்களூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்பதில் தொடங்கும் பேச்சு, கட்டட ஒப்பந்தத்தில் முடிகிறது. ஆளுக்கொரு அடுக்ககமும் பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கும் கிடைக்கின்றன. பாகப்பிரிவினை வழக்கு தவிர்க்கப்படுகிறது. குடும்ப அமைதி என்ற அளவில் இது நல்ல தீர்வு என்றே சொல்ல வேண்டும். ஆனால் தரைத்தளம் வாகனங்களுக்குப் போகிறது, அல்லது கடைக்குப் போகிறது. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு. பாட்டி நான்காம் மாடியில். மேளச் சத்தம் கேட்டு அவர் மின்தூக்கிக்குக் காத்திருந்து இறங்கும்போது, தேருக்கென மின்சாரத்தை நிறுத்தியிருப்பார்கள்.

முப்பது நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய முதல் தலைமுறை அடுக்ககங்களே இப்போது மூப்படைந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் இடித்துக் கட்டலாம் என்கிறது. இசையாத ஒருவருக்காகக் கூரைக் காரை விழும் வீட்டில் அனைவரும் வாழ வேண்டியதில்லை என்பது இதன் நியாயம். அந்த ஒருவர், கோபுரம் தெரியும் சாளரத்தை விட்டுப் பெயர மனமில்லாத எண்பது வயதுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

சில அடுக்ககங்களில் இப்போது நுழைவாயிலில் மேசை போட்டு, எல்லா வீடுகளுக்குமாக ஒரே தட்டு வைக்கிறார்கள். யார் கோத்திரம் முதலில் சொல்வது என்ற சிறு சச்சரவு அதிலும் உண்டு. இருந்தாலும் பூட்டிய கதவைவிட அது மேல்.

அடிமனை

மயிலை விவாதங்களில் மிகவும் கசப்பானது அடிமனை வழக்கு. கோயிலைச் சுற்றியுள்ள பகுதிகளில் பல வீடுகளின் மனை கோயிலுடையது. மேலுள்ள கட்டடம் குடியிருப்பவருடையது. பாட்டனார் காலத்தில் சில ரூபாய் தரைவாடகைக்கு எடுத்து, ஓடு வேய்ந்து, பிறகு தளம் போட்டு, அதிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் உண்டு. ரசீதில் வாடகைதாரர், மனத்தளவில் சொந்தக்காரர்.

இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-இன் 34-ஆவது பிரிவுப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். பின்னர் சேர்க்கப்பட்ட 34-அ பிரிவு, சந்தை நிலவரத்தை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்கவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்தவும் வகை செய்கிறது. இங்கேதான் சிக்கல். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. சதுர அடிக்கு ஒரே ஒரு ரூபாய் கூடினாலும் மாதம் 2,400 ரூபாய், ஆண்டுக்கு 28,800 ரூபாய். முன்தேதியிட்டு நிர்ணயித்தால் நிலுவை இலட்சங்களில் வரும். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த அறிவிப்பு இடி. கடன் வாங்கிக் கட்டலாமென்றால், மனை தமதில்லாதவருக்கு, ஐந்தாண்டுக் குத்தகையை நம்பிப் பதினைந்தாண்டுக் கடன் தர எந்த வங்கியும் முன்வராது. வீட்டைப் புதுப்பிக்கவும் முடியாது, விட்டு வெளியேறினால் கட்டடத்துக்கு விலையும் இல்லை.

மறுபுறம் பாருங்கள். கோயிலுக்கு எழுதிவைத்தவர்கள் விளக்கெரிய, நைவேத்தியம் நடக்க, விழா குறைவற இருக்க எழுதிவைத்தார்கள். மயிலையில் நிலம் விற்கும் விலைக்கு, ஒரு வேளைக் காப்பிக்கும் காணாத தரைவாடகையை எத்தனை காலம் கோயில் பெறுவது? சிவன் சொத்து குல நாசம் என்பார்கள். இந்தப் பழமொழியை அலுவலகத்தார் பாக்கிதாரர்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். குடியிருப்பவர்களோ, கோயில் வருவாய் போகும் வழியைக் காட்டி அதையே திருப்பிச் சொல்கிறார்கள். கோயில் நிதியைக் கொண்டு 2021-இல் கொளத்தூரில் கபாலீசுவரர் பெயரால் கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அந்த வாதம் நீதிமன்றம்வரை சென்றது. கல்வியும் அறமே என்று ஒரு சாரார். எழுதிவைத்தவர் நோக்கம் அதுவா என்று மறு சாரார்.

வாடகை வழக்கில் ஒரு வேறுபாட்டைப் பலரும் பேசாமல் கடந்துவிடுகிறார்கள். அடிமனையில் தாமே குடியிருக்கும் குடும்பம் ஒரு வகை. அடிமனையைப் பத்துக் கடைகளாகத் தடுத்து, தாம் வேறிடத்தில் வசதியாக இருந்துகொண்டு, சந்தை வாடகையை வாங்கி, கோயிலுக்குப் பழைய வாடகையை மட்டும் செலுத்துபவர் முற்றிலும் வேறு வகை. பின்னவரிடம் கடைசிக் காசுவரை வசூலிப்பது தருமம். முன்னவரை அதே தராசில் நிறுத்தினால், வாடகை வரும். அந்த வாசலில் கோலம் போட ஆள் இருக்காது. குடியிருப்பவர்களும், வாரிசுப் பெயர் மாற்றத்தைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டுவிட்டு, அறிவிப்பு வந்த பிறகு தாத்தாவின் ரசீதைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பெயர் மாற்றமும் வாடகைப் பாக்கியும் நேராக இருந்தால்தான் முறையிடும்போது குரல் எடுபடும்.

மெட்ரோ விவாதத்தை மயிலை ஒருமுறை பார்த்துவிட்டது. பறக்கும் ரயில் 1997-இல் திருமயிலைக்கு வந்தபோதும், பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை நட்டுவிட்டார்களே என்று குமுறினார்கள். இன்று அதில் வந்துதான் வேளச்சேரிக்காரர்கள் அறுபத்துமூவர் காண்கிறார்கள். இப்போது 118.9 கிலோமீட்டர் கொண்ட மெட்ரோ இரண்டாம் கட்டத்தில், மூன்றாம், நான்காம் வழித்தடங்கள் திருமயிலையில் தரைக்கடியில் சந்திக்கப் போகின்றன. லஸ் முனையைச் சுற்றிய தடுப்புகளும், மாற்றுப்பாதை என்ற பெயரில் சந்துகளில் நுழையும் வாகனங்களும் பொறுமையைச் சோதித்திருக்கின்றன என்பது உண்மை. பணி முடிந்தால் தொலைவிலிருக்கும் அன்பர்களுக்கு வழி எளிதாகும். மனை விலையும் ஏறும். அடிமனை வாடகையின் கணக்கும் அதோடு ஏறும். மூன்றும் ஒரே வண்டியில் வருபவை.

எஞ்சியிருப்பது எட்டாம் நாள். அன்று நாயன்மார் அறுபத்துமூவரும் வீதிக்கு வருகிறார்கள். கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன், வள்ளுவரும் வாசுகியும் என்று சுற்றுப்புறமே கூடுகிறது. நீர்மோர், பானகம், சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று வழிநெடுக வழங்குகிறார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் மாநிலமெங்கும் தடை இருந்தும், காகிதத் தட்டும் குவளையும் கால் புதையக் கிடக்கின்றன. அன்னதானத்தையே குறைக்கலாம் என்று சங்கங்களில் சிலர் கேட்கிறார்கள். சம்பந்தர் முதற்பாட்டிலேயே அடியார்க்கு அமுதிடுவதை வைத்த ஊரில் அது நடவாது. தொன்னையும் மந்தார இலையும் கிடைக்காதவை அல்ல. பந்தல் போடுவோர் தமக்குப் பக்கத்திலேயே இரண்டு பெரிய கூடைகளையும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதியை அன்றிரவே துப்புரவுப் பணியாளர்கள் பெருக்கத் தொடங்குகிறார்கள். ஒன்பதாம் நாள் பிட்சாடனர் புறப்பாட்டுக்குள் வீதி துலங்கியிருக்க வேண்டும்.