அம்முகுடாவிலிருந்து மெல்போர்னுக்கு

துளசிதாஸ் பலராம் 1936இல் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பிறந்தார். போலாரம் செல்லும் ரயில் பாதையில் அல்வாலுக்குச் சற்று முன்னால் வரும் ஊர் அது. பெற்றோர் தமிழர்கள். ஆங்கிலேயர் காலத்தில் சென்னை ராணுவத்தோடு இங்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, கண்டோன்மென்ட்டைச் சுற்றி அல்வால், போலாரம், திருமலகிரிப் பகுதிகளிலேயே வேரூன்றிவிட்டன. சிப்பாய்கள் ஆடிய கால்பந்து அந்த வீட்டுப் பிள்ளைகளையும் பற்றிக்கொண்டது. இந்தியாவின் பெயர்பெற்ற கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர்தான்.

பலராமின் வீட்டில் வறுமை. போலீஸ்காரர்கள் கழித்த பழைய பூட்ஸைத் தன் காலுக்கேற்பத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடினார் என்று சொல்வார்கள். ஆர்மி காம்பாட் ஃபோர்ஸ், ரைடர்ஸ் கிளப் ஆகிய அணிகளில் ஆடியபோது சையத் அப்துல் ரஹீமின் கண்ணில் பட்டார். அதுவே அவர் வாழ்க்கையின் திருப்பம். ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான ரஹீம், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்று தந்தவர். இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். அவர் தேர்ந்தெடுத்தால் தேசிய அணியின் கதவே திறந்த மாதிரி.

பலராம் பெரும்பாலும் இடது உள் முன்வரிசையில் ஆடினார். ஐந்து பேர் முன்வரிசையில் நின்ற காலம் அது. நடு முன்கள வீரருக்கு இருபுறமும் நிற்கும் இருவர் கோல் அடித்தால் மட்டும் போதாது. பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி, ஆட்டத்தைக் கோத்து, முன்னே அனுப்பவும் வேண்டும். இன்று தாக்கும் நடுக்கள வீரர் செய்யும் வேலையில் பெரும்பகுதி அன்று இவர்களுடையது. பந்தைக் கட்டுப்படுத்துவதிலும் சரியான நேரத்தில் பாஸ் கொடுப்பதிலும் பலராம் தேர்ந்தவர். தேவைப்பட்டால் இடது ஓரத்துக்கும் மாறுவார்.

1956இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையின் இறுதியாட்டத்தில் பம்பாயை வீழ்த்தி, பலராம் ஆடிய ஹைதராபாத் அணி பட்டம் வென்றது. அதே ஆண்டில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியிலும் பலராம் இடம்பெற்றார். அப்போது வயது 20. நெவில் டிசோசாவின் ஹாட்ரிக்கால் ஆஸ்திரேலியாவை 4–2 என வென்ற இந்தியா, ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடானது. யூகோஸ்லாவியாவுக்கு எதிரான அந்த அரையிறுதியில்தான் பலராம் அறிமுகமானார். இந்தியா 1–4 எனத் தோற்று, பின்னர் நான்காம் இடம் பெற்றது.

1957இல் சந்தோஷ் கோப்பை மீண்டும் ஹைதராபாத்துக்கே வந்தது. அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அணி அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டது. 1961இல் அதன் கேப்டனானார். இடையில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பெரு இரண்டுக்கும் எதிராகக் கோல் போட்டார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் மூவரையும் சேர்த்தே அன்றைய ரசிகர்கள் பேசினார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் மூவரும் இருந்தார்கள். அந்த ஆண்டே பலராமுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு நோய் அவரை மைதானத்திலிருந்து வெளியேற்றியது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் பின்னாளில் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆற்றலில் அவர்களுக்குச் சற்றும் குறையாத பலராம், அந்த விருது கிடைக்காமலே 2023 பிப்ரவரியில் காலமானார்.