பழைய ஆபீஸ் பெட்டியே போதும்

மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நின்றுவிடும் என்று நம்பி வெளியே கிளம்பியிருக்கிறீர்கள். நடுவில் கரண்ட் போய் வருகிறது. மோட்டார் மறுபடி ஓடுகிறது. அதை நிறுத்தவேண்டிய கணினிக்கு மட்டும் உயிர் வரவில்லை. மாடிப்படியெல்லாம் தண்ணீர். வீட்டுத் தானியக்கத்துக்குக் கணினி வாங்கப் போகிறவர் கடைக்குள் நுழையும் முன் இந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். பாலஸ் ஸ்கவுட்சன் 2013-ல் தொடங்கிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற இலவச மென்பொருளைத்தான் இன்று பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இணையம் இல்லாதபோதும் வீட்டுக்குள்ளேயே இயங்கக்கூடியது. நாலு விளக்கு, ஒரு மோட்டார், சில சென்சார்கள் என்றால் 4 ஜிபி ரேம் தாராளம். கேமரா காட்சிகளை ஆராய வேண்டுமானால் மட்டும் கூடுதல் பலம் தேவை.

சிக்கல் சேமிப்பில் இருக்கிறது. சென்சார்களின் அளவு மாறமாற இந்த மென்பொருள் அதைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே இருக்கிறது. மெமரி கார்டின் நுண்ணறைகள் குறிப்பிட்ட தடவைதான் அழித்தெழுதத் தாங்கும். போட்டோ வைக்க உருவான கார்டை இரவும் பகலும் எழுதவைத்தால் தேய்ந்துவிடும். எழுதும்போதே கரண்ட் போனால் கோப்புகளும் சிதையலாம். மெமரி கார்டில் இயங்கும் ராஸ்பெரி பை என்ற ஒற்றை போர்டுக் கணினியை வைத்துத் தொடங்கிய பலருக்கு நேர்வது இதுதான். போர்டு நன்றாக இருக்கும், கார்டு செத்துப்போயிருக்கும். சரி, எஸ்எஸ்டி போடலாம் என்றால், ‘பை 5’க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், பெட்டி, விசிறி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இந்த ஒரு வேலைக்காகப் புதிதாக பை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதில் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி போன்ற பழைய அலுவலகக் குட்டிக் கணினிகளைப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. இன்டெலின் 6, 7-ம் தலைமுறைச் சில்லுகளில் ஏறக்குறைய எதையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் அந்தப் பெட்டிகள் நமக்கு அருமையானவை. ஹோம் அசிஸ்டன்டுக்கு விண்டோஸே வேண்டாமே! சென்னைவாசிகள் ரிச்சி தெருவில் தேடலாம்.

பரணில் கிடக்கும் பெரிய டெஸ்க்டாப்பை எடுத்து ஓட்டினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 60 வாட் இழுக்கும் கணினி 60 நாள் ஓயாமல் ஓடினால் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். சும்மா இருக்கும்போது 10 வாட் அளவில் நிற்கும் குட்டிப் பெட்டிக்கு 14 யூனிட் போதும்.

செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது பயாஸில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். அதே நிறுவனத்தின் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டி மட்டும் புதிதாக இருக்கட்டும். உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள், சில ரூபாய்தான். கரண்ட் வந்ததும் தானே ஆன் ஆகும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. பேட்டரி தீர்ந்திருந்தால் அது மறந்துபோகலாம்.

வயர்லெஸ் சென்சார்களோடு பேச ஜிக்பீ டாங்கிள் வைத்திருந்தால், அதைப் பெட்டியில் நேரடியாகச் செருகாமல், ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். ரவுட்டருக்கும் கணினிக்கும் சேர்த்தே யுபிஎஸ் கொடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் என்றால், அதை யுபிஎஸ் நிலையில் வைத்தால்தான் கணினி அணைந்து எழாமல் இருக்கும். பேக்கப்பை வேறொரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு மெயின் ஸ்விட்ச்சை நாலு தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நாலு முறையும் பெட்டி தானாக எழவேண்டும். அப்படி எழுந்தாலும், தொட்டிக்குள் ஒரு மிதவை ஸ்விட்ச்சைத் தனியாகப் போட்டு, கணினி வழியாக அல்லாமல் மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு நேராக இணைக்கச் சொல்லுங்கள்.