மருந்து எடுத்தும் இனிப்புநீர் இறங்கவில்லையா? மன உளைச்சலையும் கவனியுங்கள்

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவோரில் பலர் விடியற்காலை 4 மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். பாலத்தில் நெரிசல், நாள் முழுதும் வேலை, திரும்பும்போதும் நெரிசல். தூங்கக் கிடைப்பதோ ஐந்து மணி நேரம். இப்படி ஓடுபவர்களுக்கு இனிப்புநீர் கட்டுக்குள் வராததற்குச் சோறும் தே தாரிக்கும் மட்டுமே காரணமல்ல.

மனம் அழுத்தத்தில் இருக்கும்போது உடலில் கோர்ட்டிசோல், அட்ரினலின் ஆகியவை அதிகம் சுரக்கின்றன. உடனே கல்லீரல், சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. புலி துரத்தினால் ஓடுவதற்கு அது உதவும். கடன் தவணை துரத்தும்போது யாரும் ஓடுவதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. மாதக்கணக்கில் இது நீடித்தால் இன்சுலினுக்கு உடல் சரியாகக் கட்டுப்படாது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பும் சேரும். தூக்கக் குறைவு நிலைமையை மேலும் கெடுக்கும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பரம்பரைக்கும் உணவுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. உளைச்சல் மட்டுமே நோயைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் உளைச்சலில் இருப்பவர் மாத்திரையை மறக்கிறார், இரவு 11 மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த மூத்தோருக்கோ, மரம் சீவிய காலத்து நடை போய்விட்டது. சாப்பாட்டின் அளவு மட்டும் குறையவில்லை.

அரசாங்க கிளினிக்கில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முடிவைப் பார்க்கும்போது, தூக்கம், வேலை நேரம், வீட்டுக் கவலை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம். மனம்விட்டுப் பேச ஆளில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம்.