செவிவழிக் கற்றலும் கூட்டுப்பயிற்சியும்: காரைக்குடி வீணை மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நரம்புக் கருவி இசையை ஏட்டின் துணையின்றிச் செவிவழியே கற்பது தமிழகத்தில் நெடுங்கால வழக்கு. வீணையைப் பொறுத்தவரை அவ்வழக்கு ஆசிரியரும் மாணவரும் எதிரெதிர் அமரும் குருகுல முறையில் வேரூன்றியது. இன்று இசைப்பள்ளிகளிலும் குறுங்காலப் பயிற்சிப் பட்டறைகளிலும் பலர் ஒருங்கே அமர்ந்து கற்கின்றனர். செவிவழிக் கல்வியில் கூட்டத்தால் தாங்கக்கூடியவை எவை, தனிச்செவியால் மட்டும் அடையக்கூடியவை எவை என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. திருக்கோஷ்டியூர் வைணவ மரபின் சந்தைமுறை, காரைக்குடி வீணை மரபு, அப்பலாச்சிய நாட்டார் நரம்பிசை ஆகிய மூன்றும் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கேள்வி ஞானம், சந்தைமுறை, காரைக்குடி வீணை, கமகம், கூட்டுப்பயிற்சி.

முன்னுரை

இசைக் கல்வி பற்றிய விவாதங்களில் குருகுலம், வகுப்பறை என்னும் இரண்டும் எதிரெதிர் முனைகளாக நிறுத்தப்படுகின்றன. குருகுலம் செவியைச் சார்ந்தது, வகுப்பறை ஏட்டைச் சார்ந்தது என்பது பொதுவான கருத்து. இப்பாகுபாடு முழுமையானதன்று. ஏடு இல்லாமலே கூட்டமாகக் கற்ற மரபுகள் உண்டு; தனித்துக் கற்றவரும் ஏட்டை நாடியதுண்டு. எனவே தனிமை, கூட்டம் என்பது ஒரு வினா. செவி, ஏடு என்பது வேறொரு வினா. இரண்டையும் பிரித்து நோக்கினால்தான் இன்றைய பயிற்சிப் பட்டறைகளின் ஆற்றலையும் எல்லையையும் மதிப்பிட இயலும்.

1. கேள்வி என்னும் கல்விநெறி

திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி அமைந்துள்ளது. கற்றலுக்குக் கேட்டல் ஈடாகவும் துணையாகவும் அமையும் என்ற கருத்து இவ்வைப்புமுறையில் புலனாகிறது. இசைத்துறையில் இக்கருத்து ‘கேள்வி ஞானம்’ என்னும் தொடராக இன்றும் வழங்குகிறது. முறையாகப் பாடம் பெறாது, நல்லிசையைப் பலகாலும் கேட்டுக்கேட்டுப் பெறும் அறிவையே அத்தொடர் குறிக்கும். குருகுலத்தில் ஒரு மாணவர் பாடம் பெறும்போது அருகிருந்து கேட்கும் மற்றொரு மாணவரும் இவ்வறிவைப் பெறுகிறார். ஆகவே குருகுலத்திலும் கூட்டம் உண்டு. அது வாசிக்கும் கூட்டமன்று, கேட்கும் கூட்டம்.

செவி முன்செல்ல நரம்பு பின்தொடரும் உறவுக்குப் பெரியபுராணம் கூறும் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு சிறந்த சான்று. திருஞானசம்பந்தரின் பதிகங்களை உடனிருந்து கேட்டு யாழில் இசைத்துவந்த அவர், தருமபுரத்தில் பாடப்பெற்ற யாழ்முரிப் பதிகத்தின் இசை கருவியில் அடங்காமை கண்டு யாழையே உடைக்க முற்பட்டார், சம்பந்தர் தடுத்தார். கேட்ட இசையும் கருவி தரும் இசையும் வேறுபடும் இடத்தைச் செவியே காட்டிக்கொடுத்தது என்பது இங்கு நோக்கத்தக்கது.

2. திருக்கோஷ்டியூரும் சந்தைமுறையும்

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூருக்கு அண்மையில் அமைந்த திருக்கோஷ்டியூர், 108 திவ்விய தேசங்களுள் ஒன்று; பெரியாழ்வாரால் பாடப்பெற்றது. கோட்டி, கோஷ்டி என்பன கூட்டத்தைக் குறிக்கும் சொற்கள். தேவரும் முனிவரும் கூடி ஆலோசித்த இடமாதலால் இப்பெயர் பெற்றது என்பது தலபுராணச் செய்தி. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து திருமந்திரப் பொருளைத் தனித்துப் பெற்ற இராமாநுசர், ஆசிரியரின் ஆணையையும் மீறிக் கூட்டத்தார் அறிய அதனை வெளியிட்டார் என்று குருபரம்பரை வரலாறு கூறும். ஒருவர்க்கு ஒருவராக வழங்கிய உபதேசம் பலர்க்கு ஒருங்கே சென்ற நிகழ்வாக இது நினைவுகூரப்படுகிறது.

இவ்வரலாறு இசைக் கல்வியைப் பற்றியதன்று. ஆயினும் செவிவழிக் கூட்டுக்கல்விக்கு வைணவ மரபு ஒரு செயல்முறையையும் வகுத்துள்ளது. திவ்வியப் பிரபந்தத்தைப் பயிற்றும் சந்தைமுறையில் ஆசிரியர் ஓர் அடியை ஒருமுறை சொல்ல, மாணவர் அனைவரும் அதனை இருமுறை திருப்பிச் சொல்வர். வேத அத்தியயனத்திலும் இம்முறை உண்டு. இதில் மூன்று கூறுகள் இன்றியமையாதவை. ஒன்று, பாடம் மூச்சிலடங்கும் சிறுபகுதியாகப் பகுக்கப்படுகிறது. இரண்டு, மாணவர் சொல்லும் அளவு ஆசிரியர் சொல்லும் அளவினும் மிகுதி. மூன்று, அனைவரும் ஒரே சொல்லைச் சொல்லும்போது ஒருவர் பிழைத்தால் அக்குரல் தனித்துக் கேட்கும்; பிழை அங்கேயே திருத்தப்படும்.

3. காரைக்குடி வீணை மரபு

திருக்கோஷ்டியூரை உள்ளடக்கிய இதே வட்டாரத்தில், காரைக்குடியின் பெயரால் ஒரு வீணை மரபு அறியப்படுகிறது. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தைச் சேர்ந்த வீணைக் குடும்பத்தில் தோன்றிய சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் (1888–1958) நகரத்தார் ஆதரவில் காரைக்குடியில் வாழ்ந்து ‘காரைக்குடி சகோதரர்கள்’ எனப் புகழ்பெற்றனர். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்தும், இளையவர் வழக்கம்போல் கிடத்தியும் இணைந்து வாசித்தனர். தாளக் கட்டுப்பாடும், மீட்டின் தெளிவும், தானம் வாசிக்கும் திறமும் இம்மரபின் சிறப்புகளாகப் போற்றப்படுகின்றன. சாம்பசிவ ஐயர் 1952இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் கலாக்ஷேத்திராவில் வீணை பயிற்றுவித்தார்.

அவரிடம் இளமையிலேயே குருகுலவாசம் செய்த ரங்கநாயகி ராஜகோபாலன், சுப்பராம ஐயரின் வழியில் வந்த ராஜேஸ்வரி பத்மநாபன் ஆகியோர் வழியாக இம்மரபு அடுத்த தலைமுறைக்குச் சென்றது. ஆசிரியர் வாசித்ததைக் கேட்டு உடன் திருப்பி வாசித்தலே பாடமுறை. சாம்பசிவ ஐயரின் வளர்ப்பு மகனான காரைக்குடி சுப்பிரமணியன் சென்னையில் 1989இல் பிருஹத்த்வனி என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இசைக் கற்பித்தலுக்கு ஒழுங்குபட்ட பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கினார். ஆசிரியர் முன் தனித்தமர்ந்து பெற்ற கல்வி, பலர்க்கும் உரிய பயிற்சிமுறையாக வடிவம் பெற முயன்றதை ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைக்குள் இங்குக் காண்கிறோம்.

4. எழுத்துக்குள் அடங்காத ஒலி

வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டுள்ளன. வாசிப்புத் தந்தி நான்கு. தாளத் தந்தி மூன்று. ஒரு மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் இறுக்கம் மிகும், சுருதி உயரும். வீணைக் கமகத்தின் பெரும்பகுதி இவ்விழுப்பிலேயே பிறக்கிறது. தோடி இராகத்துக் காந்தாரத்தைச் சுரக்குறிப்பு ‘க’ என ஓரெழுத்தால் காட்டும். வாசிக்குங்கால் அது ஓரிடத்தில் நிலையாது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவுற்று ஒலிக்கும். அசைவின் அளவும் விரைவும் தொடங்குமிடமும் முடியுமிடமும் அவ்வெழுத்தில் இல்லை.

இக்குறையை நன்கு உணர்ந்தவர் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர். 1904இல் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமக வகைகளுக்குத் தனிக் குறியீடுகள் அமைத்து உருப்படிகளைப் பதிப்பித்தார். அழியக்கூடிய உருப்படிகளைக் காத்த பெரும்பணி அது. எனினும் இழுப்பு, ஜாரு முதலியவற்றின் குறியீட்டைக் கண்டவர் அதன் ஒலியை முன்பே கேட்டிருந்தால்தான் பொருள் கொள்ள இயலும். குறியீடு நினைவூட்டும்; கற்பிக்காது. செவிவழிக் கல்வியின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

5. கூடி வாசிக்கும் மரபு: ஓர் அயல்நாட்டு ஒப்புமை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வழங்கும் பழைய நாட்டார் நரம்பிசை, முழுவதும் செவிவழியே கூட்டமாகக் கற்கப்படுவது. ஃபிடில் எனப்படும் நாட்டார் வயலின், பாஞ்சோ, கிட்டார் ஆகியவை அதில் இடம்பெறும். ஒரு மெட்டு பெரும்பாலும் இரு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்படும். பின் முழுமெட்டும் பலமுறை சுழற்சியாகத் தொடரும். தனியாவர்த்தனம் போல ஒருவர் முன்வரும் வழக்கம் அதில் மிகுதியில்லை; அனைவரும் ஒரே மெட்டை ஒருங்கே இசைப்பர். புதியவர் வட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து முதற் சுழற்சியில் தாளத்தையும், அடுத்தடுத்த சுழற்சிகளில் மெட்டின் முதன்மைச் சுரங்களையும், பின்னர் இடைச்சுரங்களையும் பற்றிக்கொள்வார். பட்டறைகளில் ஆசிரியர் முழுமெட்டையும் வாசித்துக் காட்டி, பின் தொடர்தொடராகப் பிரித்து மெதுவாகப் பயிற்றுவார்.

இம்முறை வெற்றிபெறக் காரணம் மெட்டின் அமைப்பே. சிறிய வடிவம், திரும்பத்திரும்ப வருதல், நிலையான தாளம் ஆகிய மூன்றும் கூட்டத்தைத் தாங்குகின்றன. நம் இசையிலும் இத்தகைய கூறுகள் உண்டு. சரளி வரிசையும் அலங்காரங்களும் மூன்று காலங்களில் திரும்பத்திரும்பப் பயிலப்படுகின்றன. கீர்த்தனையின் பல்லவியில் ஒரே வரி சங்கதி சங்கதியாக வளர்கிறது. முதற் சங்கதியைப் பற்றியவர் அடுத்ததன் வேறுபாட்டை மட்டும் கேட்டால் போதும்.

6. கூட்டொலியின் எல்லை

எனினும் வீணைக்கு ஒரு தனி இடர் உண்டு. வில்லால் இழைக்கும் கருவியில் ஒலி தொடர்ந்து நிற்கும். மீட்டும் கருவியில் ஒலி மீட்டியவுடன் வலிமையாகத் தோன்றி, விரைவில் தேயும். வீணைக் கமகத்தின் பெரும்பகுதி அந்தத் தேய்ந்துசெல்லும் ஒலியிலேயே வாழ்கிறது. பத்து வீணைகள் ஒருங்கே ஒலித்தால், ஒருவர் மீட்டின் தேயும் ஒலியைப் பிறர் மீட்டுகளின் தொடக்க ஒலி மூடிவிடும். தம் இழுப்பு மத்திமத்தைத் தொட்டதா, சற்றே குறைந்ததா என்பது மாணவர்க்கே கேட்பதில்லை, ஆசிரியர்க்கும் கேட்பதில்லை.

சந்தைமுறையில் தனித்துக் கேட்ட பிழை இங்குக் கூட்டத்துள் மறைகிறது. அங்குப் பிழை பெரும்பாலும் சொற்பிழை, எழுத்துப்பிழை. இங்கோ பிழை நுண்ணிய சுருதி வேறுபாடு. கூட்டத்தில் சரியாக வாசித்ததாக நிறைவுகொண்ட மாணவர் வீட்டில் தனித்து வாசிக்கும்போது இராகம் உருப்பெறாமல் தடுமாறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். குறை மாணவரின் செவியில் இல்லை. அச்செவிக்குக் கேட்க இடமளிக்காத பயிற்சி அமைப்பில் உள்ளது.

இதனால் செவிவழிப் பாடத்தை நான்கு அடுக்குகளாகப் பகுக்கலாம்: தாள நிலை, சுரத்தொடரின் நினைவு, விரலமைப்பு, கமகம். முதலிரண்டையும் கூட்டம் நன்கு தாங்கும். தனித்துப் பயில்வதைவிடக் கூட்டத்தில் தாளம் விரைவில் உறுதிப்படும். மூன்றாவதற்குக் கண் துணைசெய்யும். ஆசிரியரின் இடக்கையைக் காணும் இடத்தில் மாணவர் அமர்ந்தாலே போதும். நான்காவதற்குத் தனிச்செவியும் அமைதியும் வேண்டும்.

7. பயிற்சிப் பட்டறைக்குரிய நெறி

மேற்கண்ட பகுப்பிலிருந்து பின்வரும் ஒழுங்கை முன்மொழியலாம். ஆசிரியர் ஒரு சிறு தொடரை முதலில் வாயால் பாட, மாணவர் கருவியைத் தொடாமல் இருமுறை பாடுதல் வேண்டும். குரலில் அமையாத கமகம் விரலிலும் அமையாது. அடுத்து ஆசிரியர் வீணையில் தனித்து வாசிக்க, அனைவரும் கேட்டபின் ஒருங்கே வாசிக்கலாம். இங்குத் தாளமும் தொடரும் உறுதிப்படும். அதன்பின் ஒவ்வொருவராக அத்தொடரை வாசிக்க, ஏனையோர் தந்தியில் கைவைக்காது கேட்டல் வேண்டும். ஒருவர்க்குச் சொல்லும் திருத்தம் அங்கிருப்போர் அனைவர்க்கும் கேள்வி ஞானமாகும். குழு பெரிதாயின் இப்படி நீளும். ஆதலால் குழுவின் அளவை இப்படியே வரையறுக்க வேண்டும். நேரம் குறைவென்று இதைக் கைவிடும் பட்டறை, சுரங்களை மட்டுமே கற்பித்து இராகத்தைக் கற்பிக்காமல் விடும். ஏடு பயன்படுமாயின், பாடம் மனத்தில் நிலைத்த பின்னரே நினைவுக் குறிப்பாக வழங்கப்படுதல் நலம்.

முடிவுரை

செவிவழிக் கல்வி தனிமைக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சந்தைமுறையும் அப்பலாச்சியக் கூட்டிசையும் சான்று. ஆயினும் கமகத்தை உயிராகக் கொண்ட வீணையில், கூடி வாசித்தல் பாடத்தின் ஒரு பாதியையே தரும். மறுபாதியைத் தருவது ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் அமைதி. குருகுலம் அவ்வமைதியை இயல்பாகவே கொண்டிருந்தது. பயிற்சிப் பட்டறை அதனைத் திட்டமிட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். பலர்க்கும் கல்வி சென்றடைய வேண்டும் என்பதும் மரபின் நுண்மை குன்றக்கூடாது என்பதும் முரண்பட்ட குறிக்கோள்கள் அல்ல. கூட்டம் வாசிக்க மட்டுமன்றிக் கேட்கவும் பழகினால் இரண்டும் ஒருங்கே கைகூடும்.